மறுமொழி: ‘இலக்குப் பார்வையாளர்’ – மாணவர் திரில்லர் படத்துக்கு எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மாணவர்கள் குறும்படத்தோடு நிரப்பித் தரும் படிவத்துக்கான சொற்பட்டியலில் ஒரே ஒரு சொல்தான் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. ‘திரில்லர்’ என்பதைத் திரில்லர் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். எனக்கும் மறுப்பில்லை, திகிலும் மர்மமும் வேறு வகைகள். படம் யாரை மனத்தில் வைத்து எடுக்கப்படுகிறதோ அவர்களை (ஆங்கிலத்தில் target audience) எப்படிச் சொல்வது என்பதில்தான் இழுபறி.

> ‘இலக்குப் பார்வையாளர்’ என்று நாளிதழ்களே எழுதுகின்றன. புழங்கிவிட்ட சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, அச்சொல்லில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. விளம்பரத் துறைக்கு அது நன்றாகவே பொருந்தும். சரக்கு தயாரான பிறகு யாரிடம் விற்கலாம் என்று தேடுபவருக்கு இலக்கு வேண்டும். ஆனால் அச்சொல்லைப் படிவத்தில் பார்த்ததும் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதை, மதுரையில் காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ‘15 முதல் 30 வயது வரை, இருபாலரும்.’ படப்பிடிப்பு முடிந்து, படத்தொகுப்பும் முடிந்து, இசையும் சேர்த்த பிறகு, ஒப்படைக்கும் நாளன்று நிரப்பப்படும் வரி அது. படத்தில் ஒரு காட்சியைக்கூட அந்த வரி மாற்றியிருக்காது.

மாற்றியிருக்க வேண்டும் என்பதே என் வாதம். ஒரு குழு கொண்டுவந்த தொடக்கக் காட்சியைச் சொல்கிறேன். முன்னிரவு. மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கும் பெண், பெரியார் பேருந்து நிலையம் போவதற்கு ஷேர் ஆட்டோவில் ஏறுகிறாள். கைப்பேசியில் தோழியுடன் பேசிக்கொண்டே வருகிறாள். வண்டியின் முன் கண்ணாடியில், நிலவு வெளிச்சத்தில், யானைமலை தெரிகிறது. அவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதுரைக்காரர் அந்த நொடியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பெரியார் நிலையத்துக்குப் போகிற வண்டியின் முன்னால் யானைமலை வரக்கூடாது. வந்தால், வண்டி ஊருக்குள் போகாமல் மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடைப் பக்கம் போகிறது என்று பொருள். அதே காட்சியைச் சென்னையில் பார்ப்பவருக்கு அது இருட்டில் நிற்கும் ஏதோ ஒரு மலை. இருவருக்கும் வயது இருபதாகவே இருக்கலாம், ஒரே கல்லூரிப் படிப்பாகவும் இருக்கலாம். வயதுக் கட்டம் இவர்களைப் பிரித்துக் காட்டாது.

திரில்லர் என்ற வகையே பார்ப்பவருக்கு என்ன தெரியும் என்பதன்மேல் கட்டப்பட்டது. 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய உரையாடலில், திரில்லர் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஹிட்ச்காக் இதைத்தான் விளக்கினார். மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால், வெடிக்கும்போது 15 நொடி அதிர்ச்சி. முன்கூட்டியே தெரிந்துவிட்டால், மேசையில் நடக்கும் வெற்றுப் பேச்சுக்கூட 15 நிமிடத் தவிப்பாகிவிடும். நம் ஆட்டோக் காட்சியில் யானைமலைதான் அந்தக் குண்டு. வெளியூராருக்கும் அது தெரிய வேண்டுமென்றால் ஒத்தக்கடைப் பெயர்ப்பலகை ஒன்றைக் காட்ட வேண்டும். பலகையைக் காட்டினால் மதுரைக்காரருக்குச் சொன்னதையே திரும்பச் சொன்னதாகிறது. எது வேண்டும் என்பதைத் திரைக்கதையின் முதல் பக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

> சான்றிதழில் வரப்போகும் வயதையே எழுதிவிட்டால் போதாதா?

போதாது, அம்மா. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டனில் பள்ளி மாணவர்கள் பாடத்துக்காக ஒரு திரில்லரின் முதல் இரண்டு நிமிடங்களை எடுத்து, அதற்கான பார்வையாளர் யார் என்று விளக்கி எழுதிய பக்கங்கள் இணையத்தில் ஏராளம். நம் மாணவர்கள் அவற்றைப் பார்த்து ‘15 சான்றிதழ்’ என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். அங்கே 15 என்றால் 15 வயது நிரம்பாதவரைத் திரையரங்குக்குள் விடமாட்டார்கள். நம் நாட்டில் அப்படியொரு பிரிவே இல்லை. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தை 2023-இல் திருத்தியபோது யு/ஏ பிரிவை 7+, 13+, 16+ என மூன்றாக்கினார்கள். இவை பெற்றோருக்கு வழிகாட்டும் குறிகள். வயதைப் பார்த்து வாசலில் நிறுத்தும் தடை ‘ஏ’ சான்றிதழுக்கு மட்டுமே. ஏபிசி1 என்ற வகுப்புக் குறியும் இப்படித்தான் வந்து சேர்கிறது. குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் தொழிலை வைத்துப் பிரிட்டனில் வகுத்த பிரிவு, செல்லூர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நமக்கு எதையும் சொல்லாது.

ஆக, மூன்று கூட்டத்தார் இருக்கிறார்கள்: சட்டம் அனுமதிப்பவர்கள், படைப்பவர் மனத்தில் வைத்தவர்கள், உண்மையில் வந்து பார்த்தவர்கள். மூவரையும் ‘பார்வையாளர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்து முன்னால் ஓர் அடைமொழியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் மாணவர் தடுமாறத்தான் செய்வார்.

இங்கே நமக்குப் பழைய துணை ஒன்று இருக்கிறது. நூலின் முகவுரையான சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூல் என்னும் இலக்கண நூல் அடுக்குகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். நூலைக் கேட்பதற்கு உரியவர் யார் என்பதை நூலின் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. தொல்காப்பியச் செய்யுளியலிலும் ‘கேட்போர்’ ஓர் உறுப்பு. ஆனால் அது பாட்டுக்குள்ளே தலைவியோ தோழியோ பேச, அதைக் கேட்டு நிற்பவரைக் குறிப்பது. நமக்கு வேண்டியது நன்னூலின் கேட்போர்.

நூலுக்குக் கேட்போர் என்றால், படத்துக்குக் காண்போர். ‘காண்போர்’ என்பதையே கலைச்சொல்லாக வைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

முன்பு வந்த இரண்டு பரிந்துரைகளையும் எண்ணிப் பார்த்தேன். ‘நுதற்பார்வையாளர்’ என்பதில் நுதலுதல், அதாவது கருதுதல், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நுதல் என்றால் நெற்றி. நக்கீரர் கதை அறிந்த மதுரையில் யாருக்கும் நெற்றிக்கண்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘கருதுபார்வையாளர்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வினைத்தொகை என்பதால் காலம் மறைந்து நிற்கிறது; ஒற்று மிகுமா என்ற ஐயமும் எழாது. ஆயினும் குழுவில் ஒருவர் சுட்டியபடி, கருதுகிறவர் யார், படைப்பவரா பார்ப்பவரா என்பது விளங்கவில்லை. ‘குடிநீர்’ என்னும்போது நீர் குடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். பார்வையாளரோ கருதக்கூடியவர்.

> காண்போர் மிகப் பொதுவான சொல். கலைச்சொல்லாக நிற்குமா?

நிற்கும். விசை, ஆற்றல், திறன் மூன்றும் பொதுச் சொற்கள்தாம். ஆற்றலையும் திறனையும் பேச்சில் ஒன்றுக்கு மற்றொன்றாகவே வழங்குகிறோம். பள்ளி இயற்பியல் நூல் அவற்றுக்கு எல்லை வகுத்துக் கொடுத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிசகாமல் எழுதுகிறார்கள். அதுபோலவே, மனத்தில் வைத்தவர் ‘காண்போர்’, வந்து பார்த்தவர் ‘பார்வையாளர்’, சட்டம் அனுமதிப்பவர் ‘சான்றிதழ் வயதினர்’ என்று படிவத்தின் தலைப்பிலேயே வரையறுத்துவிடலாம். காண்போர் என்ற கட்டத்துக்குக் கீழே வயது கேட்க வேண்டாம். ‘இவர்களுக்கு முன்பே தெரிந்தது என்ன? படம் சொல்ல வேண்டியது என்ன?’ என்ற இரண்டு கேள்விகள் போதும். கட்டமும் கதைச்சுருக்கத்துக்கு மேலே, முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பன்மை விகுதி கூட்டிக் ‘காண்போர்கள்’ என்று எழுத வேண்டாம், அதுவே பலர்பால். ஒருவரைக் குறிக்க நேர்ந்தால் ‘காண்பவர்’.

அடுத்த பருவம் தொடங்குமுன் படிவம் அச்சுக்குப் போகிறது. இச்சொல் குழப்பும் என்று கருதுபவர்கள், மாணவர் ஒருவர் எழுதக்கூடிய முழு வாக்கியம் ஒன்றை எடுத்துக்காட்டி மறுத்து எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து