ஹேக்லரா, லெனார்டா: 1987 ஏப்ரல் 6 தீர்ப்பு சரியானதா?

இடக்கையன்:
லாஸ் வேகாஸ் நகரின் சீசர்ஸ் பேலஸில் 1987 ஏப்ரல் 6 அன்று நடந்த மிடில்வெயிட் எடைப்பிரிவுக் குத்துச்சண்டைப் பட்டப் போட்டியில் சுகர் ரே லெனார்ட் வென்றதாக அறிவித்ததை இன்றளவும் என்னால் ஏற்க முடியவில்லை. மார்வின் ஹேக்லர் 1980 செப்டம்பரில் லண்டனுக்கே சென்று, ஆலன் மின்டரை மூன்றே சுற்றுகளில் முடித்துப் பட்டத்தைக் கைப்பற்றியவர். அதன்பின் 12 முறை அதைக் காத்தவர். அன்றிரவு பன்னிரண்டு சுற்றுகளிலும் முன்னேறிச் சென்றவர் அவர்தான், பின்வாங்கிக்கொண்டே இருந்தவர் லெனார்ட். புள்ளி நடுவர் ஜோ ஜோ குவெரா 118-110 என்று லெனார்டுக்கு எழுதினார். அந்தக் கணக்கின்படி ஹேக்லர் வென்றது இரண்டே சுற்றுகள் என்றாகிறது. அந்தச் சண்டையைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல வழியே இல்லை. சாம்பியனிடமிருந்து பட்டத்தைப் பெற வேண்டுமானால் அவரை ஐயத்துக்கு இடமின்றி வீழ்த்தியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெய்தல்நிலவன்:
நண்பர் இடக்கையன் அவர்களுக்கு வணக்கம். குவெராவின் மதிப்பெண் அட்டை தவறானது என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் அன்று மூன்று அட்டைகள் இருந்தன. லூ ஃபிலிப்போ 115-113 என்று ஹேக்லருக்கும், டேவ் மொரெட்டி அதே 115-113 என்று லெனார்டுக்கும் எழுதினர். குவெராவும் 115-113 என்றே எழுதியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அந்த நாற்காலிக்கு முதலில் பேசப்பட்ட பிரிட்டிஷ் நடுவர் ஹாரி கிப்ஸை வேண்டாம் என்றது ஹேக்லரின் தரப்புதான் என்பதையும் மறக்கலாகாது.

சாம்பியனை ஐயமின்றி வீழ்த்த வேண்டும் என்பது ரசிகர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் பேச்சு. விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக மதிப்பிடப்படுகிறது, முன் சுற்றின் கடன் அடுத்த சுற்றுக்கு வருவதில்லை. அவ்வாறு பார்த்தால், இயல்பிலேயே இடக்கை நிலையில் (வலக்கையை முன்னே வைத்து) சண்டையிடும் ஹேக்லர் முதல் இரண்டு சுற்றுகளில் வலக்கை நிலையில் நின்றதை எப்படி விளக்குவீர்கள்? எதிரே இருந்தவர் ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு சண்டை மட்டும் செய்தவர், விழித்திரை விலகி அறுவை செய்துகொண்டவர். அவருக்குக் கால் பழகுவதற்கான நேரத்தை ஹேக்லர் தாமாகவே கொடுத்துவிட்டார்.

இடக்கையன்:
முதல் இரண்டு சுற்றுகளை நான் ஹேக்லருக்குக் கேட்கவில்லை. என் மனக்குறை நடுச்சுற்றுகளைப் பற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் கடைசி முப்பது நொடி நெருங்கும்போது லெனார்டின் மூலையிலிருந்து குரல் எழும். அவரும் உடனே இரு கைகளாலும் படபடவென்று குத்துகளைத் தொடுப்பார். அவற்றில் பல கையுறை மீதும் முழங்கை மீதும் விழுந்தவை. ஆனால் மணியடிக்கும் வேளையில் நடுவரின் கண்ணில் நிற்பது அந்தக் காட்சிதான். அதற்கு முந்தைய இரண்டரை நிமிடம் ஹேக்லர் விலாவில் இறக்கிய குத்துகள் யார் நினைவில் நிற்கும்? போதாததற்கு லெனார்ட் மீண்டும் மீண்டும் கட்டிப் பிடித்தார். மேடைக்குள் இருந்த நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் பலமுறை எச்சரித்தும் ஒரு புள்ளியைக்கூடக் கழிக்கவில்லை.

நிபந்தனைகளையும் பாருங்கள். பதினைந்து சுற்றுக்குப் பதில் பன்னிரண்டு, ஓடுவதற்கு வசதியாக இருபதடி மேடை, எட்டு அவுன்ஸுக்குப் பதில் பத்து அவுன்ஸ் கையுறை என எல்லாமே லெனார்ட் கேட்டவை. 1983 நவம்பரில் ராபர்டோ டுரானுக்கு எதிராகப் பதின்மூன்று சுற்று முடிந்தபோது ஹேக்லர் பின்தங்கியிருந்தார். பதினான்கையும் பதினைந்தையும் வென்றுதான் பட்டத்தைக் காத்தார். பன்னிரண்டைத் தாண்டிய அந்தக் கடைசி மூன்று சுற்றுகளே அவருடைய சொத்து.

வெள்ளைக்கயிறு:
சுற்றுகளின் எண்ணிக்கை குறித்து ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்ததைத் தொடர்ந்து, உலகக் குத்துச்சண்டை கவுன்சில் தன் பட்டச் சண்டைகளைப் பன்னிரண்டு சுற்றுகளாகக் குறைத்துவிட்டது. 1987இல் பணயமாக இருந்தது அந்தக் கவுன்சிலின் பட்டம். அதற்கு முன் ஹேக்லர் செய்த தாமஸ் ஹெர்ன்ஸ் சண்டையும் ஜான் முகாபி சண்டையும் பன்னிரண்டு சுற்றுகளுக்கே ஒப்பந்தமானவை. ஹெர்ன்ஸ் சண்டை எட்டே நிமிடத்தில் முடிந்ததால் இதை யாரும் கவனிப்பதில்லை. மேடையும் கையுறையும் பேரம் பேசி விட்டுக்கொடுக்கப்பட்டவை என்பது உண்மை. அதற்கு ஈடாக ஹேக்லருக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் உறுதி செய்யப்பட்டது, லெனார்டுக்கு 1 கோடியே 10 லட்சம். குத்துகளின் கணக்கும் இருக்கிறது: லெனார்ட் வீசிய 629இல் 306 பட்டன, ஹேக்லர் வீசிய 792இல் 291 பட்டன.

இடக்கையன்:
சுற்றுகளைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன், அதைத் தவறாகவே நினைவில் வைத்திருந்தேன். எண்ணிக்கையை மட்டும் ஏற்க மாட்டேன். கையுறையை உரசிய குத்தும் தாடையை உயர்த்திய குத்தும் அதில் ஒன்று ஒன்றுதான். ஐந்தாம் சுற்றின் இறுதியில் ஹேக்லர் கொடுத்த வலக்கை அப்பர்கட்டில் (கீழிருந்து மேலாக எழும் குத்தில்) லெனார்டின் கால்கள் தளர்ந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா?

நேற்றும் முன்தினமும் ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டு, நோட்டுப்புத்தகத்தில் சுற்றுவாரியாகக் குறித்தபடி முழுச் சண்டையையும் இருமுறை பார்த்தேன். வர்ணனையாளரின் குரலும் கூட்டத்தின் ஆரவாரமும் இல்லாதபோது லெனார்டின் சரவெடிகள் சிறுத்துத் தெரிகின்றன. முதல் நான்கையும் லெனார்டுக்கே கொடுத்தேன். ஒன்பதாவதை ஹேக்லருக்குக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்தபோது இருமுறையும் 114-114 வந்தது. சமன் என்றால் பட்டம் சாம்பியனிடமே தங்கும். மொரெட்டியின் அட்டையில் ஒரே ஒரு சுற்று இடம் மாறியிருந்தால், குவெரா என்ன எழுதியிருந்தாலும், அன்றிரவு பட்டம் ஹேக்லரின் ஊரான பிராக்டன் நகருக்கே திரும்பியிருக்கும்.

நெய்தல்நிலவன்:
நீங்கள் சொன்னபடியே நானும் ஒலியின்றிப் பார்த்தேன். ஐந்தாம் சுற்று ஹேக்லருடையதுதான். அதை முன்பும் அவருக்கே கொடுத்திருந்தேன். ஒன்பதில்தான் நாம் பிரிகிறோம். மூலையில் முதுகு ஒட்டி நிற்கும் லெனார்ட், களைத்துப் போன கால்களோடு, ஹேக்லரின் ஒவ்வொரு தாக்குதலுக்கும் அங்கேயே நின்று பதில் கொடுக்கிறார். அங்கே அவர் ஓடவில்லை. கூட்டத்தின் ஓசை இல்லாமல் பார்க்கும்போது அந்தச் சுற்று எனக்கு முன்னிலும் பெரிதாகவே தெரிந்தது. என் கணக்கு 115-113, லெனார்டுக்கு.

ஆனால் மொரெட்டியின் அட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது என்னை விடவில்லை. 1982 நவம்பரில் பால்டிமோரில் லெனார்ட் ஓய்வை அறிவித்த விழாவுக்கு ஹேக்லரை அழைத்து உட்கார வைத்து, அவருடன் ஒரு சண்டை நடக்கவே நடக்காது என்று மேடையிலிருந்து சொன்னார். அந்தச் சண்டைக்காக நான்கரை ஆண்டுகள் காத்திருந்த மனிதர் ஒரே ஒரு சுற்றில் அதை இழந்தார். அந்த ஒரு சுற்றை நீங்கள் ஐந்திலும் ஒன்பதிலும் தேடுகிறீர்கள். நான் அதை இரண்டாவது சுற்றில் காண்கிறேன். வலக்கை நிலையிலேயே நின்று, வந்த ஜாப்களை (முன்கையின் நேர்க்குத்துகளை) வாங்கிக்கொண்டு, எட்டாத தூரத்தில் வலக்கையை வீசுகிறார். மூன்றாவது சுற்றுக்குத்தான் இடக்கைக்குத் திரும்புகிறார். அந்த மூன்று நிமிடத்தை மட்டும் மறுபடி பாருங்கள், நண்பரே.