உங்கள் பெயரில் வேறொருவர்: அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

போனில் சிக்னல் இல்லையென்றால் டவரில் ஏதோ கோளாறு என்றுதானே விட்டுவிடுவோம். அன்று வைஃபை இருந்ததால் எனக்கு மெயில் மட்டும் வந்துகொண்டிருந்தது, அதில் ஒன்று, 'உங்கள் புதிய சிம் செயல்படத் தொடங்கிவிட்டது' என்றது. நான் எப்போது சிம் கேட்டேன்? பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி மெயில் மேல் மெயில். மனைவியின் போனை வாங்கி முதலில் பேங்கில் பேசிக் கணக்கை முடக்கினேன், அப்புறம்தான் சிம் கம்பெனி. இந்த வரிசை முக்கியம், சிம் கம்பெனிக்காரர்களின் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' முடிவதற்குள் எல்லாம் போய்விடும். எவனோ என் பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்லி, போன் தொலைந்துவிட்டது என்று என் நம்பரை வேறு சிம்முக்கு மாற்றியிருக்கிறான். அவர்களும் கேட்டதும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்!

பேங்க் கணக்கு நேரத்தில் பேசியதால் தப்பியது. மெயில் தப்பியது, அதற்கான ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வராமல், நம்பரைச் சாராமல் போனிலேயே ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் வருவதால். நம்பர் கையில் இருந்தும் அவனால் உள்ளே நுழைய முடியவில்லை. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் கணக்கையே இப்படி நம்பரைப் பிடித்துத்தான் கைப்பற்றினார்கள், நாமெல்லாம் எம்மாத்திரம். சிம் மாற்றத் தனியாக ஒரு பின் நம்பர் வைக்க முடியுமா என்று உங்கள் சிம் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்.

*

சார், எனக்கு நடந்தது வேறு மாதிரி. வாங்காத கடனுக்கு வசூல்காரர் போன் செய்தார், என்ன ஒரு அதட்டல்! விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி சரி, முகவரி பழையது, கையெழுத்து யாருடையதோ. கூடவே என் அடையாள அட்டையின் ஜெராக்ஸ், அதன் மூலையில் ஸ்டேப்ளர் அடித்த தடம்கூடத் தெரிந்தது. எப்போதோ எங்கேயோ நான் கொடுத்த காகிதம்தான்.

'கொஞ்சம் கட்டிவிடுங்கள், மீதியைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். கட்டவே கூடாது, கட்டினால் கடன் நம்முடையது என்று நாமே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். போலீஸ் புகாரின் நகலோடு கடன் கொடுத்தவர்களுக்கும், யார் பெயரில் என்ன கடன் என்று பதிவு வைத்து கிரெடிட் அறிக்கை தரும் நிறுவனத்துக்கும் எழுதினேன். வாயால் சொன்னதை யாரும் மதிக்கவில்லை, எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. இப்போதெல்லாம் ஜெராக்ஸ் கொடுத்தால் எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதித்தான் கொடுக்கிறேன். வாங்குபவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

*

மேடம் சொன்னது உயிரோடு இருப்பவர்களுக்கு. எங்கள் மாமா இறந்தபோது பிள்ளைகள் பாசத்தில் அவருடைய முழுப் பெயர், பிறந்த நாள், வேலை பார்த்த இடம் எல்லாவற்றையும் போட்டு முகநூலில் அஞ்சலி எழுதினார்கள். சில மாதம் கழித்து அவர் பெயருக்கே கிரெடிட் கார்டு பில் வந்தது. அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு, 'இவர் எப்போ இதை வாங்கினார்?' என்று எங்களைக் கேட்கிறார்! வீட்டில் துக்கம் நடந்தால் இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் பேங்குக்கும் கிரெடிட் அறிக்கை தரும் நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். அஞ்சலியில் வயது போதும், பிறந்த தேதி வேண்டாம்.