சாப்பிட்ட கையோடு மறுபடியும் பசி: உங்கள் வீட்டில் பார்த்திருக்கிறீர்களா?

பெரம்பூர் சித்தி:
என் அக்கா பையனுக்குப் பத்து வயதில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. பெயர் கிரேனியோஃபாரிஞ்சியோமா. புற்றுநோய் இல்லை, ஆனால் பிட்யூட்டரி சுரப்பிக்குப் பக்கத்தில், பசியைக் கவனிக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸை ஒட்டி வளர்வது. தலைவலி வந்தது, அப்புறம் பார்வை மங்கியது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம்தான் அந்தப் பசி ஆரம்பித்தது.

நாலு இட்லி சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "சித்தி, பசிக்குது" என்பான். ஒரு ராத்திரி அரிசி டப்பாவைத் திறந்து பச்சரிசியை அள்ளித் தின்றுகொண்டிருந்தான். ஒரே வருடத்தில் 31 கிலோ 54 ஆனது. சொந்தக்காரர்கள் எல்லாரும் அக்காவைத்தான் சொன்னார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று. நானும் ஒரு நாள் அவன் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கினேன். அவன் அழவில்லை. "எனக்கே வேண்டாம்னுதான் இருக்கு சித்தி. ஆனா பசி விட மாட்டேங்குது" என்றான்.

அடுத்த முறை ஹார்மோன் டாக்டரிடம் போனபோது இதை அப்படியே சொன்னோம். அவர் பொறுமையாக விளக்கினார். நம் உடம்புக் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. "கையிருப்பு போதும்" என்று ஹைப்போதலாமஸுக்குத் தகவல் சொல்வது அதுதான். கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும். இவன் ரத்தத்திலும் அது நிறையவே இருக்குமாம். ஆனால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் சேதமாகிவிட்டது. அதனால் உடம்பு பட்டினியில் கிடப்பதாகவே மூளை நினைக்கிறது. பசியைக் கிளப்புவதோடு நிற்காமல், உடம்பு செலவழிக்கும் சக்தியையும் குறைத்துவிடுகிறது. அளந்து கொடுத்த நாட்களிலும் எடை ஏறியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது சமையலறை அலமாரிக்குப் பூட்டு. எத்தனை மணிக்கு என்ன சாப்பாடு என்று ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அவன் முன்னால் யாரும் நொறுக்குத்தீனி தின்பதில்லை. அடுத்த வேளை எப்போது என்று தெரிந்துவிட்டதால் அவன் தவிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. பசி போகவில்லை.

துரைப்பாக்கம் நைட் ஷிஃப்ட்:
அக்கா, உங்கள் பையன் படுவதோடு ஒப்பிட்டால் என்னுடையது ஒன்றுமே இல்லை. ஆனாலும் சொல்கிறேன். பகலில் நாலு மணி நேரம்தான் தூக்கம். ராத்திரி மூன்று மணிக்குத் தட்டுக்கடைப் பரோட்டா தின்றே ஆக வேண்டும் போல் இருக்கும். வார விடுமுறையில் நன்றாகத் தூங்கினால் அந்த நினைப்பே வராது. 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். பத்து மணி நேரம் படுக்கவிட்ட நாட்களைவிட லெப்டின் 18 சதவீதம் குறைவு. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் அதிகம். எட்டு மாதம் தினமும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். இதைப் படித்ததும் பகல் ஷிஃப்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், அயனாவரம்:
அம்மா, உங்கள் பையனைப் போல ஒரு சுண்டெலி உண்டு. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் டக்ளஸ் கோல்மன் இரண்டு வகைக் குண்டுச் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்தார். ஒவ்வொன்றையும் ஒரு சாதாரண எலியோடு ரத்த ஓட்டம் கலக்கும்படி இணைத்தார். முதல் வகை எலி சாப்பாட்டைக் குறைத்து இளைத்தது. அதற்கு இல்லாத ஏதோ ஒன்று துணை எலியிடமிருந்து கிடைத்திருக்கிறது. இரண்டாம் வகையில் குண்டு எலி அப்படியே இருந்தது. சாதாரண எலிதான் சாப்பிடாமல் கிடந்து செத்தது! குண்டு எலியின் ரத்தத்தில் "போதும்" என்ற செய்தி ஏராளமாக இருந்திருக்கிறது. குண்டு எலியின் மூளைக்குத்தான் அந்தச் செய்தி கேட்கவில்லை. ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994இல் கண்டுபிடித்த லெப்டின்தான் அந்தச் செய்தி. அந்த எலியை யார் வளர்த்திருந்தாலும் அது தின்றுகொண்டேதான் இருந்திருக்கும்.

பெரம்பூர் சித்தி:
நன்றி சார். அக்காவின் மாமியார் இன்னும் அவள் வளர்ப்பைத்தான் குறை சொல்கிறார். இன்று சாயந்திரம் அவரிடம் இந்தச் சுண்டெலிக் கதையைச் சொல்லப் போகிறேன்.