மாசக் கடைசியில கையில நாலு காசு நிக்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பாலக்கோட்டு மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க பாலக்கோடு பக்கம். வீட்டுக்காரருக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, கைக்கு 19,000 வரும், ரெண்டு பசங்க, மாமியாரும் எங்க கூடத்தான். 7ம் தேதி சம்பளம் போட்டா 22, 23லயே பக்கத்து வீட்டு அக்காகிட்ட கைமாத்துக்கு நிக்கிறேன். தை மாசம் ஒரு நோட்டு வாங்கி பால், காய், பசங்க தின்பண்டம்னு ஒண்ணு விடாம எழுதினேன், சரியா 11 நாள், அதுக்கப்புறம் அந்த நோட்டுல சின்னவன் யானை வரைஞ்சிட்டான். யூடியூப்ல சம்பளத்துல பாதிய முதல்லயே எடுத்து வைங்கன்னு சொல்றாங்க, எடுத்து வச்சா மீதி நாளைக்கு நாங்க காத்தத்தான் குடிக்கணும்.. பெருசா வேணாம், வீட்டு வேலையோட வேலையா செய்யற மாதிரி சின்ன பழக்கம் எதாவது இருந்தா சொல்லுங்க. கரண்ட் பில்லு வேற போன தடவ 520 யூனிட்னு வந்து வயித்த கலக்கிருச்சு.

காவேரிப்பட்டணம் அக்கா:
தங்கச்சி, நோட்ட தூக்கிப் போடு, எனக்கும் அது ஒத்து வரல. நான் எழுதறது ஒண்ணே ஒண்ணுதான், சிலிண்டர் மாத்தின தேதிய அடுப்படி காலண்டர்ல. 38 நாள் வந்துச்சா 45 நாள் வந்துச்சான்னு பாத்தாலே ஓட்டை எங்கன்னு தெரிஞ்சிரும். எங்க வீட்ல குளிக்கற வெந்நியும் கேஸ்லதான் காய வச்சிட்டு இருந்தோம், இப்ப அது வெளிய விறகடுப்புல, தென்ன மட்டைதான் சும்மா கெடக்குதே, பருப்பையும் ஊற வச்சு போடறேன், ஒரு வாரம் கூட வருது. ராகிக்களிக்கு மட்டும் கணக்கு பாக்கறதில்ல, அது சரியா வேகலன்னா எங்க மாமனார் தட்ட தள்ளி வச்சிருவாரு 😄

அப்புறம் எதையும் சீசன்ல வாங்கு. புளி மாசி பங்குனில நம்ம பக்கம் குவிஞ்சு கெடக்கும், ஓடோட மூட்டையா வாங்கி சாயங்காலம் டிவி பாத்துக்கிட்டே தட்டினா ஒரு வாரத்துல முடிஞ்சிரும், வருஷம் பூரா கடைல அரை கிலோ அரை கிலோவா வாங்கற காசு மிச்சம். தக்காளி உனக்கு நான் சொல்லணுமா, உங்க ஊர் மார்க்கெட்லயே, இந்தப்பக்கம் ராயக்கோட்டையிலயும், வெல விழுந்து ரோட்ல கொட்டற நாளும் உண்டு, எட்டாத வெலைக்கு போற நாளும் உண்டு. விழுந்த அன்னிக்கு ஒரு பெட்டி எடுத்து தொக்கு கிண்டி வச்சிரு.

மீட்டர் பாக்கறவன்:
அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனா அந்த 520 தான் என் கண்ண உறுத்துது. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் எல்லாருக்கும் ஃப்ரீ. மொத்தம் 500க்குள்ள நின்னா 101லேர்ந்து 200 வரைக்கும் கம்மி ரேட்டு. 501 ஆச்சுன்னா அந்த கம்மி ரேட்டே போயிரும், 101லேர்ந்து 400 வரைக்கும் ஒரே ரேட்டா போட்டுருவாங்க, 500க்கு மேல ஓடினதுக்கு அதைவிட ஜாஸ்தி. ஒரு யூனிட் தாண்டினதுக்கே 200 ரூபாக்கு மேல எகிறும். நீங்க தாண்டினது வெறும் 20 யூனிட்.. பழைய ஃபேன் 75 வாட், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட், கரண்ட் கம்மியா இழுக்கற பிஎல்டிசி ஃபேன் 28 வாட்ங்கறதால 20 யூனிட்தான். ஆனா ஃபேன் வாங்க இப்பவே ஓடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மீட்டர போய் பாருங்க, வாரத்துக்கு 55 தாண்டுதுன்னா மோட்டர் போட்டுட்டு டேங்க் வழியற வரைக்கும் மறந்துடறீங்களான்னு பாருங்க. எங்க வீட்ல அதான் நடந்துச்சு.

ஓசூர் நைட் ஷிப்ட்:
டீய நிறுத்து பிஸ்கட்ட நிறுத்துன்னு சொல்றதுல எனக்கு நம்பிக்கை இல்லங்க. 22ம் தேதியே காசு தீருதுன்னா நடுவுல எங்கயோ கட்டறீங்க. வாரக்கடன் எதாவது இருக்கா? தப்பா நினைக்காதீங்க, எங்க வீட்லயும் இருந்துச்சு அதான் கேக்கறேன். இன்னொண்ணு, ஃபோன்ல ஸ்கேன் பண்ணி குடுக்கறத கொஞ்சம் கொறைங்க, வீட்டு செலவுக்கு வாரம் 1,500 நோட்டா எடுத்து டப்பால வைங்க, டப்பா காலியாகறது கண்ணுக்கு தெரியும், ஃபோன்ல போறது தெரியாது. தீபாவளி சீட்டு மட்டும் ஆள் தெரியும்னு போட்றாதீங்க, நான் மாசம் 500 வீதம் 10 மாசம் கட்டினேன், 11வது மாசம் அந்தாளு வீடு பூட்டி கெடந்துச்சு. ஸ்வீட் பாக்ஸும் இல்ல காசும் இல்ல.

பாலக்கோட்டு மருமகள்:
அண்ணா நீங்க ஜோசியரா? குழுவுல 40,000 கடன் எடுத்தது ஓடிட்டு இருக்கு, வாரம் 620, இன்னும் 19 வாரம். வீட்டுக்காரர் ஃபோன் தவணை மாசம் 1,450 வேற. மாசத்துக்கு கிட்டத்தட்ட 4,000 அங்கயே போகுது, நான் இத்தன நாளா பால் பாக்கெட்ட பாத்து கவலப்பட்டுட்டு இருந்தேன். எனக்கு உரிமைத்தொகை 1,000 வருது, அதுவும் அந்த வாரமே கரைஞ்சிருது.

பென்னாகரம் ரோடு:
அந்த ஆயிரத்துலேர்ந்தே ஆரம்பிங்கம்மா. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி, அதாவது மாசாமாசம் கட்டற சேமிப்பு, மாசம் 100 ரூபாலேர்ந்து போடலாம், 5 வருஷம். 6.7 சதவீத வட்டில மாசம் 500 கட்டினா நீங்க போட்டது 30,000, கைக்கு வர்றது 35,600 சொச்சம். ஒரு சூட்சுமம் இருக்கு, கணக்க 16ம் தேதிக்கு மேல போய் ஆரம்பிங்க. 15க்குள்ள ஆரம்பிச்சா மாசாமாசம் 15க்குள்ள கட்டணும், அப்புறம் ஆரம்பிச்சா மாசக் கடைசி வரைக்கும் டைம் உண்டு, உரிமைத்தொகை வர்றதே 15ஐ ஒட்டித்தானே. அந்த 19 வாரம் முடிஞ்சதும் கடன் முடிஞ்சுதுன்னு உக்காந்துராதீங்க, அதே கிழமைல அதே 620 உங்க கணக்குக்கு போகட்டும், இல்லாம வாழத்தான் பழகிட்டீங்களே.

குழுன்னா இப்ப கடன்னு ஆகிப்போச்சு. 1989ல தமிழ்நாட்டுல மகளிர் குழு திட்டம் ஆரம்பிச்சதே நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான், அப்ப கிருஷ்ணகிரி பிரியல. எங்கம்மா குழுவுல முதல்ல சேமிப்பு, அப்புறம்தான் கடன் பேச்சே.

அப்புறம் கேன் தண்ணி வாங்கறீங்களா? ஒகேனக்கல் குழாய் தண்ணி வந்தா அத புடிச்சு வச்சு குடிங்க. மிச்சம் பண்றேன்னு போர் தண்ணிக்கு மட்டும் போயிராதீங்க, நம்ம பக்கம் ஃபுளோரைடு, பசங்க பல்லு போயிரும்.

பாலக்கோட்டு மருமகள்:
எல்லாருக்கும் நன்றிங்க. மீட்டர இப்பவே போய் பாத்துட்டு வந்தேன், சின்னவன் கூட வந்து நம்பர் படிச்சான். 17ம் தேதி போஸ்ட் ஆபீஸ் போறேன். காவேரிப்பட்டணம் அக்கா, நாங்க அஞ்சு பேரு, ஓடோட எத்தன கிலோ வாங்கலாம்?

காவேரிப்பட்டணம் அக்கா:
20 கிலோ எடு. ஓடு, கொட்டை, நார் எல்லாம் போக 8, 9 கிலோ நிக்கும். வெயில்ல காய வச்சு கல்லுப்பு தூவி பானைல அமுக்கி வை, எவர்சில்வர் டப்பால வச்சிராத. கொட்டைய எறிஞ்சிராத, அதையும் வாங்கிக்க ஆள் வருவாங்க.