புதுப்பிப்பு: படித்த ஆங்கிலச் சொற்கள் பேச்சில் வருவதில்லை என்று கேட்டிருந்தேனே

சொற்பட்டியலை மனப்பாடம் செய்தும் பேசும்போது வாய்க்கு வருவதில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். தனிச்சொல்லை விட்டு முழு வாக்கியமாகப் பழகச் சொல்லிப் பலர் பதில் போட்டிருந்தீர்கள். அதைத்தான் பிடித்துக்கொண்டேன். நல்ல பலன்.

இப்போது நோட்டில் 'புட் ஆஃப்' (தள்ளிப்போடுவது) என்று மட்டும் எழுதுவதில்லை. 'தி மீட்டிங் வாஸ் புட் ஆஃப் டில் மண்டே' என்று எழுதி, மீட்டிங் இருக்கும் இடத்தில் எக்ஸாம், ட்ரிப் என்று மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்கிறேன். 'டில்' எங்கே வரும் என்பதும் கூடவே பதிந்துவிடுகிறது.

இலக்கணத்துக்கும் இதே வழிதான். 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் 'ஐ ஸா ஹிம்'. எப்போது என்று சொல்லாமல், பார்த்திருக்கிறேன் என்றால் 'ஐ ஹேவ் ஸீன் ஹிம்'. விதியைப் படித்தபோது வராத தெளிவு, இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்ததும் வந்தது.

அப்புறம், இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பது. மறதியை அளந்து ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிய விஷயம். மறுநாள், சில நாள் கழித்து, அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்.

மரபுத்தொடர்கள்தான் இன்னும் கேட்டால் புரிகின்றன, பேச்சில் வருவதில்லை. அதற்கு வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.