பக்கத்துத் தரிசில் சீமைக் கருவேலம்: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், மிளகாய் போடுகிறோம். பக்கத்துப் பட்டாதாரர் வெளியூரில் இருக்கிறார். அவருடைய தரிசில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. நெற்றைத் தின்ற ஆடு எங்கள் வயலில் புழுக்கை போட்ட இடமெல்லாம் கன்று முளைக்கிறது. வெட்டினால் தூரிலிருந்து நாலாய்த் துளிர்க்கிறது. போன வாரம் முள் செருப்பைத் துளைத்து அம்மாவின் குதிகாலில் ஏறிவிட்டது. இன்னும் நொண்டித்தான் நடக்கிறார்.

1919ஆம் ஆண்டின் மதராஸ் வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டப்படி, ஒரு செடியைத் தீங்கான களை என்று ஒரு பகுதிக்கு அரசு அறிவிக்கலாம். அறிவித்தால், நிலத்தை வைத்திருப்பவரே அழிக்க வேண்டும். தவறினால் அதிகாரி அழித்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம். அயல் தாவரங்களுக்கென 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையும் வெளியிட்டிருக்கிறது.

சீமைக் கருவேலத்துக்கு எங்கள் மாவட்டத்தில் அப்படி ஓர் அறிவிக்கை உண்டா? மனுவை வட்டாட்சியருக்கு எழுதுவதா, வேளாண் துறைக்கா? பட்டா நிலத்தில் நடவடிக்கை எடுக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால் மனுவின் நகலைப் பகிருங்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள் மரத்தை எடுத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பிழைப்பு. எங்களுக்கு வேர் போனால் போதும். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகிறேன். அதற்குள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.