நாம் செய்த கேமை இன்னொருத்தர் ஆடியபோது: உங்களுக்கு என்ன நடந்தது?

யாங்கோனிலிருந்து

இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த கேமை முதல்முறையாக வெளி ஆள் ஒருவர் கையில் கொடுத்த அன்று நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

கதைபோக்கில் ஆடுகிற ஆர்பிஜி வகை கேம்களைச் செய்யும் மென்பொருளான ஆர்பிஜி மேக்கர் எம்வியில் செய்தது. போருக்கு முந்தின ரங்கூன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பையன் ஒருவன், அண்ணனைத் தேடி ஐராவதி ஆற்றோடு மேலே மேலே போகிறான். வசனம் முழுக்கத் தமிழ். வீட்டில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு "நல்லா இருக்குப்பா, சாப்பிட வா" என்றார். அந்தப் பாசம் பெரியது. ஆனால் கேமில் எதைத் திருத்துவது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

தெயின்ஜி மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் சின்ன வயதிலிருந்து இந்த வகை கேம் ஆடுகிறவர். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வசனம் வந்ததுமே கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, எழுத்தெல்லாம் உடைஞ்சு கிடக்கே. ஜோஜில எழுதினத யூனிகோட் போன்ல பாக்கிற மாதிரி இருக்கு."

ஜோஜி என்பது பர்மிய எழுத்துக்கான பழைய குறியீட்டு முறை, யூனிகோடோடு ஒத்துப்போகாது. பர்மாவில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 2019 அக்டோபர் 1-ல் நாடே யூனிகோடுக்கு மாறியபோது எத்தனை மெசேஜை அப்படிப் பார்த்தோம்! என் திரையிலும் 'போ' என்பது ப தனியாக, ஓகாரக் குறி புள்ளி வட்டத்தைச் சுற்றித் தனியாக நின்றது. 'க்' என்றால் க ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். இரண்டு வருஷமாக என் கண் முன்னால்தான் இருந்தது. வசனம் எனக்கு மனப்பாடம் என்பதால் என் கண் அதைச் சேர்த்துப் படித்துக்கொண்டே போயிருக்கிறது.

காரணம் இதுதான். எம்வியின் வசனப்பெட்டி எழுத்தை ஒவ்வொரு குறியீடாக எடுத்து வரைகிறது. ஜப்பானிய எழுத்துக்கு அது சரி. நமக்கு மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு, சேர்த்து வரைந்தால்தான் எழுத்து. ஃபாண்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், நான் நாலு ஃபாண்ட் மாற்றிப் பார்த்தேன். எம்வியின் நிரலில் எழுத்தை வரைகிற அந்த ஃபங்ஷனில், அடுத்து வருவது உயிர்க்குறியா புள்ளியா என்று பார்த்து, ஆமென்றால் முன்னெழுத்தோடு சேர்த்து ஒன்றாக வரையச் சொல்ல வேண்டும். பத்து வரிகூட வராது. தமிழில் கேம் செய்கிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

அண்ணன் அதோடு விட்டுவிடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு படித்து ஆடினார். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். கரண்ட் போய்விட்டது. கடைக் கம்ப்யூட்டருக்கு பேட்டரி கிடையாது. நானோ மெனுவில் 'சேவ்' பண்ணும் வழியை அடைத்து, கோயிலுக்குப் போனால்தான் சேவ் என்று வைத்திருந்தேன். அவர் கடைசியாகக் கோயிலைப் பார்த்தது துறைமுகத்தில்.

நான் வாதாட ஆரம்பித்துவிட்டேன். "அந்தக் காலத்து கேமெல்லாம் அப்படித்தான்ணே. டிராகன் குவெஸ்ட்ல ராஜாகிட்ட திரும்பிப் போனாத்தான் சேவ் பண்ண முடியும்."

எமர்ஜென்சி லைட்டைத் தேடிக்கொண்டே கேட்டார்: "அந்த ராஜா ஊர்ல கரண்ட் போகுமா தம்பி?"

மூன்று நாள் எனக்கு மனசு சரியில்லை, கேமைத் திறக்கவே இல்லை. நாலாவது நாள் மெனுவில் 'சேவ்' பண்ணும் வழியைத் திறந்துவிட்டேன். மேப் மாறும்போதெல்லாம் தானாகவே சேவ் ஆகும்படியும் செய்தேன். எம்விக்கு அடுத்து 2020-ல் வந்த ஆர்பிஜி மேக்கர் எம்இசட்டில் ஆட்டோசேவ் கூடவே வருகிறது. 2015-ன் எம்வியில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்த தடவை போனபோது அவருக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, வாயே திறக்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டேன். கையில் ஒரு நோட்டு மட்டும். காட்டில் மலைப்பாம்பு வந்தது. வெட்டினார், பாம்புக்குச் சேதம் 0. மறுபடியும் 0. எம்வி போட்டுக் கொடுக்கிற கணக்கு, தாக்குதலை நாலால் பெருக்கி, எதிரியின் தற்காப்பை இரண்டால் பெருக்கிக் கழிப்பது. பையனுக்குத் தாக்குதல் 20, பாம்புக்குத் தற்காப்பு 40. எண்பதில் எண்பது போனால் என்ன மிஞ்சும்? கிரிட்டிக்கல், அதாவது எப்போதாவது விழும் பலத்த அடி, விழுந்தால் மூன்று மடங்கு, ஆனால் பூஜ்யத்துக்கு மூன்று மடங்கும் பூஜ்யமே. "மந்திரத்த போடுங்கண்ணே" என்பது நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பதினோரு வெட்டு. பிறகு தப்பித்து ஓடி, கிராமத்துக்குத் திரும்பி, ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினார். "என்னண்ணே தேடுறீங்க?" என்று கேட்டேன். "கத்தி மொட்டை. சாணை பிடிக்க ஒரு கொல்லன் இருப்பான்ல?"

கொல்லனே இல்லை. நான் வைக்கவில்லை. இப்போது இருக்கிறார், இந்தக் கேமில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான். அண்ணன் "பாம்பு கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தால் 40-ஐ 20 ஆக்கிவிட்டுப் போயிருப்பேன்.

மௌல்மீனிலிருந்து

அண்ணே, நான் கருத்துச் சொல்கிற பக்கத்தில் நின்று தப்புப் பண்ணினவள். கூடப் படித்த தோழி தன் முதல் கேமைத் தந்து "எப்படி இருக்கு சொல்லுடி" என்றாள். மூன்று பக்கம் எழுதினேன். கதை இழுவை, நாயகி பேச்சு சரியில்லை, முடிவை இப்படி மாற்று, சண்டையை அப்படி மாற்று. உதவுகிறேன் என்றுதான் நம்பினேன். அவள் "சரி" என்று ஒரே வார்த்தை அனுப்பினாள். அதற்குப் பிறகு கேமைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எழுதினதைப் பின்னால் எடுத்துப் படித்துப் பார்த்தால், அவள் கேமை விட்டுவிட்டு என் மனசில் இருந்த வேறு கேமைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

இப்போது யாராவது தந்தால் முதலில் கேட்கிறேன்: பாதியில் இருக்கிறதா, முடிந்துவிட்டதா, எதைப் பார்க்கணும்? பிறகு நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். போன மாதம் ஒரு தம்பிக்கு எழுதினது: "மூங்கில் பாலத்தைத் தாண்டினதும் இடது பக்கம் போனேன், அங்கேதான் விளக்கு எரிந்தது. ஒன்றும் இல்லை. மூன்று தடவை போய்ப் பார்த்தேன்." விளக்கை எடுத்து வலது பக்கம் வைத்துவிட்டான். வேறு பேச்சே தேவைப்படவில்லை. சிரிப்பு வந்த இடத்தையும் அப்படியே எழுதிவிடுவேன், எந்த வசனம் என்பதோடு. இல்லாவிட்டால் நல்லதைத் தெரியாமல் வெட்டிவிடுவார்கள்.

பெகுவிலிருந்து

என் கேமை, ஃபைல் அனுப்பும் ஆப்பான ஜாப்யாவில் அப்பா போனுக்கு அனுப்பினேன். அப்பா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுப்பவர், கேம் ஆடிப் பழக்கமில்லை. சண்டை எதையும் தாண்டவில்லை. ஆனால் ஊருக்குள் எல்லோரிடமும் பேசிப் பார்த்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். "உன் பையன் பெரியவரைப் போய் 'நீ'ங்கிறான். படகோட்டி 'தேநீர் அருந்துகிறாயா'ங்கிறான். நம்ம பக்கம் எந்தப் படகோட்டிடா இப்படிக் கேப்பான்?" ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நானூறு வரிக்கு மேல் திருத்தினேன். 'நீங்க' என்று மாற்றினதில் வரி நீண்டு பெட்டிக்கு வெளியே போய்விட்டது, எம்வி தானாக வரி மடக்காது, கவனம்.

யாங்கோனிலிருந்து

பெகு தம்பி, அப்பாவுக்கு என் வணக்கம். என் கேமையும் அவருக்கு அனுப்பலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள். என் படகோட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசுகிறான்.

மௌல்மீன் தங்கச்சி, உங்கள் தோழியிடம் அந்தக் கேம் இன்னும் இருக்கிறதா? கேட்டுப் பார்த்தீர்களா?

மௌல்மீனிலிருந்து

உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி போன் போட்டேன், அண்ணே. முதலில் மன்னிப்புக் கேட்டேன். அந்த மூன்று பக்கத்தில் எழுதாமல் விட்ட ஒன்றையும் சொன்னேன்: நாயகி பாட்டி வீட்டுக் கிணற்றடியில் நின்று தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் நான் கண் கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. கம்ப்யூட்டர் மாறிவிட்டதாம். பழைய பென் டிரைவில் இருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்றாள்.